காலநிலைக் கொள்கை ஒரு கையெழுத்தில் மாறக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களவைத் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கையிலும் காலநிலை மாற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. இத்தனை கிகாவாட் சூரிய மின்சாரம், இத்தனை கோடி மரக்கன்று, இந்த ஆண்டுக்குள் நிகர பூஜ்ஜியம் (வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாவது) என்று எண்கள் வரிசையாக வரும். அந்த எண் பெரிதா சிறிதா என்பதோடு நம் விவாதம் முடிந்துவிடுகிறது. அது எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது, அதை மாற்ற எத்தனை பேர் கை தூக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தேர்தல் முடிவு காலநிலைக் கொள்கையை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

இந்தியாவில் காலநிலைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2008 ஜூன் 30 அன்று வெளியான தேசியச் செயல்திட்டமும் அதிலுள்ள 8 இயக்கங்களும் அரசின் கொள்கை ஆவணங்கள். 2005-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, 2030-க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வை 45 சதவீதம் குறைப்போம் என்பது 2022 ஆகஸ்டில் எடுத்த அமைச்சரவை முடிவு. 2070-க்குள் நிகர பூஜ்ஜியம் என்பது 2021 நவம்பரில் பிரதமர் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் அறிவித்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சாசனத்தின் 14, 21-ஆம் பிரிவுகளின்கீழ் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று தீர்ப்பளித்தது. கானமயில் என்ற அரிய பறவையின் வாழிடத்தில் மின்கம்பி செல்வது தொடர்பான அந்த வழக்கிலும், நாட்டில் இதற்கென ஒருங்கிணைந்த சட்டம் இல்லை என்பதை நீதிபதிகள் பதிவுசெய்தார்கள்.

ஓர் அமைச்சரவை எடுத்த முடிவை அடுத்த அமைச்சரவை மாற்றலாம், நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மக்களவையும் முழு ஐந்தாண்டு நீடித்தால்கூட, இப்போதைய அரசுக்கும் 2070-க்கும் நடுவே 9 பொதுத் தேர்தல்கள் வருகின்றன. முதலாவது 2029-இல்.

நிலக்கரி வரியில் நடந்ததைப் பாருங்கள். 2010 பட்ஜெட்டில் டன்னுக்கு 50 ரூபாய் 'தூய எரிசக்தி செஸ்' (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) விதிக்கப்பட்டது. வசூலாகும் பணம் தேசியத் தூய எரிசக்தி நிதியத்துக்குப் போகும், அதிலிருந்து மரபுசாரா எரிசக்தித் திட்டங்களுக்கு உதவி என்பது ஏற்பாடு. 2014-இல் அது 100 ரூபாய் ஆனது, 2015-இல் 200, 2016-இல் 400. விதித்தது ஒரு கூட்டணி அரசு, எட்டு மடங்காக உயர்த்தியது அதை எதிர்த்து வென்று வந்த அரசு. கட்சி மாறினால் கொள்கை செத்துவிடும் என்ற பொது நம்பிக்கை இந்த இடத்தில் பொய்த்தது. ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு 700 கிராம் கரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால் 400 ரூபாய் செஸ் என்பது யூனிட்டுக்கு 28 காசு. காற்றாலைக்கும் அனல் மின்நிலையத்துக்கும் விலையில் இழுபறி இருந்த காலத்தில் 28 காசு சிறிய தொகை இல்லை.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த 400 ரூபாய் அப்படியே நின்றது, போகும் இடம் மட்டும் மாறியது. ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக அது ஆக்கப்பட்டது. தூய எரிசக்திக்கு என்று வசூலிக்கத் தொடங்கிய பணம் வேறு கணக்குக்குப் போனது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 400 ரூபாயும் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வரி கூடியதுபோல் தெரியும். கணக்குப் போட்டால் விஷயம் வேறு. டன் 2,000 ரூபாய் விலையுள்ள கரிக்கு முன்பு 5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 500 ரூபாய், இப்போது 360 ரூபாய். டன் 8,000 ரூபாய் விலையுள்ள கரிக்கு முன்பு 800, இப்போது 1,440. ஏறத்தாழ 3,100 ரூபாய்க்குக் கீழே விலையுள்ள எல்லாக் கரிக்கும் வரி குறைந்திருக்கிறது. மலிவான கரி என்றால் சாம்பல் அதிகம், வெப்பம் குறைவு, ஒரு யூனிட்டுக்குக் கூடுதல் கிலோ எரிக்க வேண்டியது. எடைக்கு விதித்த வரி விலைக்கு விதிக்கும் வரியாக மாறியதால் தரம் குறைந்த கரிக்குச் சலுகை கிடைத்துவிட்டது. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மின்நிலையம் கரிக்குக் கட்டிய வரியைத் திரும்ப ஈடுகட்டிக்கொள்ளவும் முடியாது. இந்த வரி மாற்றம் எந்த மின்நிலையத்தை முதலில் ஓட்டுவது என்ற தினசரிக் கணக்கிலும் ஏறும்.

இந்த மாற்றத்தை எந்தக் கட்சியும் மக்களிடம் வாக்குக் கேட்டு நிறைவேற்றவில்லை. ஜிஎஸ்டி மன்றத்தின் ஒரு கூட்டத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களின் வரியோடு சேர்ந்து முடிவானது. சோப்பு, ஷாம்பு, கார் விலை குறைவதைப் பற்றி ஊரே பேசியது. நிலக்கரி வரியின் பதினைந்து ஆண்டு வரலாறு அன்று முடிந்ததை நம் ஊடகங்களும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

அடுத்து அறிவிக்கைகள். கடலோரக் கட்டுப்பாடு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அனல் மின்நிலையங்களின் புகை அளவு ஆகிய மூன்றுமே 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு அரசிதழில் வெளியிடும் அறிவிக்கைகளால் நடக்கின்றன. சட்டத்தை மாற்ற இரு அவைகளிலும் வாக்கெடுப்பு வேண்டும். அறிவிக்கையை மாற்ற வரைவை வெளியிட்டு 60 நாள் கருத்துக் கேட்டால் போதும். பொதுநலன் கருதி அந்த 60 நாளையும் தவிர்க்கலாம் என்று அதே சட்டத்தின் விதிகளில், 5-ஆவது விதியின் 4-ஆவது உட்பிரிவில், வழி இருக்கிறது.

2011-ஆம் ஆண்டுக் கடலோர அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரையில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை இருந்தது. 2018 டிசம்பர் 28 அன்று அமைச்சரவை புதிய அறிவிக்கைக்கு ஒப்புதல் தந்தது, 2019 ஜனவரி 18 அன்று அரசிதழில் வந்தது, மார்ச் 10 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. புதிய அறிவிக்கையின்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகக் கடற்கரையில் அந்தத் தடை 50 மீட்டராகச் சுருங்கியது. கடல் மட்டம் உயர்கிறது, புயலின்போது அலை உள்ளே ஏறுகிறது என்று தெரிந்துகொண்டே 150 மீட்டரை விட்டுக்கொடுத்தோம். தேர்தல் மேடையில் இது எங்கும் பேசுபொருளாக இருந்ததாக நினைவில்லை.

அனல் மின்நிலையங்களில் கந்தக டை ஆக்சைடை நீக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் உத்தரவு வந்தது. இரண்டு ஆண்டு கெடு. அது பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலை அறிவிக்கையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கட்டாயமே இல்லை என்றாகிவிட்டது. இது நேரடியாகக் காலநிலையைச் சேர்ந்த விஷயம் இல்லை, மூச்சைச் சேர்ந்தது. ஆனால் எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே புகைபோக்கியிலிருந்துதான் வருகின்றன. கெடுவை நிறைவேற்றாமல் காத்திருந்தால் கெடுவே போய்விடும் என்பது மின்நிறுவனங்களுக்குத் தெரிந்துவிட்டால், நாளை கார்பன் அளவுக்குக் கெடு வைத்தாலும் அதே காத்திருப்புதான் நடக்கும்.

வெளிநாட்டு அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அதிபர் அன்றைக்கே பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதற்கு எந்த அவையின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. அதே அதிபர், முந்தைய அரசு 2022-இல் சட்டமாக இயற்றியிருந்த தூய எரிசக்தி வரிச் சலுகைகளைக் குறைக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. செனட்டில் 50–50 என்று வாக்குகள் சமமாகி, துணை அதிபரின் வாக்கால்தான் நிறைவேறியது. அப்படியும் உடனே எல்லாம் அறுந்துவிடவில்லை. 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்கும் காற்றாலை, சூரிய மின்திட்டங்களுக்குச் சலுகை தொடரும் என்று அவகாசம் தர வேண்டியிருந்தது. ஒரே ஆள், ஒரே நோக்கம். ஒன்று ஒரு நாளில் முடிந்தது, மற்றதற்கு அரை ஆண்டு போராட வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் வந்த கார்பன் விலை (உமிழ்வுக்குக் கட்டணம்), 2013 தேர்தலில் ஆட்சி மாறியதால் 2014 ஜூலையில் ரத்தானது. ஆனால் அதே தொகுப்பில் சட்டப்படி உருவான தூய எரிசக்தி நிதிக் கழகத்தை ஒழிக்கப் புதிய அரசு கொண்டுவந்த மசோதாவைச் செனட் ஏற்கவில்லை. அந்தக் கழகம் இன்றும் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிரிட்டன் 2008-இல் காலநிலை மாற்றச் சட்டம் இயற்றியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கார்பன் வரவுசெலவு (அந்தக் காலத்தில் நாடு வெளியிடலாம் என்ற உமிழ்வின் உச்சவரம்பு), அதை 12 ஆண்டு முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும், ஆலோசனை சொல்லச் சுயேச்சையான குழு. 12 ஆண்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இன்றைய அரசு நிர்ணயிக்கும் அளவு நாளை மறுநாள் வரும் அரசைக் கட்டும், ஆகவே தன் வசதிக்கு வளைக்கும் ஆசை குறையும். அங்கும் பிரதமர்கள் மாறினார்கள். பெட்ரோல் கார் விற்பனைத் தடையை ஒருவர் 2030-லிருந்து 2035-க்குத் தள்ளினார், அடுத்து வந்தவர் திரும்ப 2030 என்றார். அரசின் திட்டம் சட்டத்துக்குப் போதுமானதாக இல்லை என்று உயர் நீதிமன்றம் 2022-இலும் 2024-இலும் சொன்னது. 2025 அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர், ஆட்சிக்கு வந்தால் அந்தச் சட்டத்தையே நீக்குவோம் என்று அறிவித்தார். சட்டமும் நிரந்தரம் இல்லைதான். ஆனால் நீக்குவதென்றால் தேர்தலுக்கு முன்பே சொல்லி, வாக்குக் கேட்டு, அவையில் வென்றாக வேண்டும். இருட்டில் நடக்காது.

நிலையற்ற கொள்கையின் விலையை நம் காற்றாலைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் நிற்கும் காற்றாலைகளில் பெரும்பகுதி நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் போட்ட முதல். அவர்களை இழுத்தது 80 சதவீதத் துரிதத் தேய்மானச் சலுகை. 6 கோடி ரூபாய்க்குக் காற்றாலை வைத்தால் முதல் ஆண்டிலேயே 4.8 கோடியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 33 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்கு 1.58 கோடி ரூபாய் உடனே மிச்சம். 2012 ஏப்ரல் 1 முதல் அந்தச் சலுகை விலக்கப்பட்டது. நாட்டில் அதற்கு முந்தைய ஆண்டில் 3,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டிருந்த காற்றாலை, அந்த ஆண்டில் ஏறத்தாழ 1,700 மெகாவாட்டாகச் சரிந்தது. 2014 தேர்தலுக்குப் பிறகு புதிய அரசு ஜூலையில் சலுகையைத் திரும்பக் கொடுத்தது, 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகக் குறைத்தது. சலுகை தேவையா இல்லையா என்பது தனி விவாதம். அது படிப்படியாக இந்த ஆண்டில் இவ்வளவு குறையும் என்று முன்பே தெரிந்திருந்தால் தொழில் தாங்கியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இறகு செய்யும் பட்டறை மூடுகிறது, கிரேன் வாடகைக்காரர் வேறு வேலைக்குப் போகிறார், வங்கி அடுத்த முறை வட்டியை அரை சதவீதம் கூட்டிக் கேட்கிறது. இருபது ஆண்டுக் கடனில் அரை சதவீதம் என்பது யூனிட் விலையில் தெரியும்.

இனி சென்னை. மழைநீர் வடிகாலுக்கும் மக்களவைத் தேர்தலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2024-இல் தேர்தல் நடத்தை விதிகள் மார்ச் 16 அன்று அமலுக்கு வந்து ஜூன் 6 அன்றுதான் விலக்கப்பட்டன. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்றே முடிந்துவிட்டது, வாக்கு எண்ணிக்கைக்காக ஆறரை வாரம் காத்திருந்தோம். விதிப்படி, களத்தில் ஏற்கெனவே தொடங்கிய பணி தொடரலாம். பணி ஆணை கொடுத்திருந்தாலும் மண்ணில் வேலை தொடங்கவில்லை என்றால் தொடங்கக் கூடாது. கோரிய டெண்டரைப் பரிசீலிக்கலாம், தேர்தல் ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் இறுதி செய்யக் கூடாது.

இதைச் சென்னையின் மழை நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். சாலை வெட்டும் வேலை செப்டம்பர் இறுதியோடு நின்றாக வேண்டும். 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணிக்கு டெண்டர் விட்டால் ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். ஜூன் 6-க்குப் பிறகு டெண்டர் அழைத்தால் ஜூலை இரண்டாம் வாரம், பரிசீலனையும் விலைப் பேச்சும் முடிந்து பணி ஆணை ஜூலை கடைசி, மீதம் இரண்டே மாதம். அந்த இரண்டு மாதத்தில் மின்கேபிளையும் குடிநீர்க் குழாயையும் நகர்த்தி, தோண்டி, அடிமட்டக் கான்கிரீட் போட்டு, பெட்டி வடிகால் கட்டி, ஈரம் காயாமல் நீர் ஊற்றி, வண்டல் தொட்டி வைத்து, கடைசியில் கால்வாயோடு இணைக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது எப்போதும் அந்தக் கடைசி இணைப்புதான். தெருவில் வடிகால் இருக்கும், கால்வாய்க்கு 40 மீட்டர் முன்னால் நின்றுபோயிருக்கும். தண்ணீர் அங்கேயே தேங்கி அக்கம்பக்கத்து வீட்டுக்குள் ஏறும். மட்டம் பார்க்காமல் போட்ட துண்டுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அடுத்த மழையில்தான் அது தெரியவரும்.

ஆகவே 2029-க்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த ஆண்டு வடிகால் பணிகளுக்கான மதிப்பீட்டையும் டெண்டரையும் 2028 அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் முடித்து, பிப்ரவரிக்குள் ஒவ்வொரு பணியிலும் மண்ணில் வேலை தொடங்கியிருக்க வேண்டும். பணி ஆணை காகிதத்தில் இருந்தால் போதாது. கூடவே, வெள்ளத் தடுப்புப் பணிகளுக்குத் தேர்தல் ஆணையம் முன்கூட்டியே பொது விலக்கு அளிக்க வேண்டும் என்று மாநில அரசும் கட்சிகளும் சேர்ந்து கேட்க வேண்டும். கோடையின் நடுவில் தேர்தல் நடத்தியதைப் பற்றித் தலைமைத் தேர்தல் ஆணையரே 2024 ஜூன் 3 அன்று, ஒரு மாதம் முன்னதாக முடித்திருக்க வேண்டும் என்று கூறினார். அந்த ஒரு மாதம் கிடைத்தால் வெயிலில் வரிசையில் நிற்பவருக்கும் நல்லது, சென்னையின் வடிகாலுக்கும் நல்லது.

பணம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். மிக்ஜாம் புயலுக்கு அடுத்த சில நாட்களில், 2023 டிசம்பர் 7 அன்று, சென்னை வடிநிலப் பகுதிக்கான வெள்ளத் தணிப்புத் திட்டம் 561.29 கோடி ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 500 கோடி. 15-ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு 7 நகரங்களுக்கு ஒதுக்கச் சொன்ன 2,500 கோடியில் சென்னைக்கான பங்கு அது. ஒதுக்கீட்டுக் காலம் தொடங்கி மூன்றாம் ஆண்டில், ஊர் மூழ்கிய பிறகு அறிவிப்பு வந்தது. மெட்ரோ ரயிலின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டம் 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இடம்பெற்றது, அப்போது சட்டமன்றத் தேர்தல் இரண்டு மாதத்தில் இருந்தது. ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. மூன்றரை ஆண்டு மாநில அரசே சுமந்தது. நகரப் போக்குவரத்தின் புகையைக் குறைக்க இதைவிடப் பெரிய வேலை சென்னையில் இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தகவமைப்புக்கென்றே, அதாவது காலநிலை மாற்றத்தின் தாக்கத்தைத் தாங்கத் தயாராவதற்கென்றே, 2015-இல் தேசியத் தகவமைப்பு நிதி தொடங்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் அரிக்கப்பட்டுவந்த தீவையும் பவளப்பாறையையும் மீட்கும் தமிழ்நாட்டுத் திட்டம் அதில் நிதி பெற்றது. 2022 நவம்பரில் அது திட்டம் என்ற தகுதியை இழந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு நாள்கூட அதற்காக விவாதம் நடந்ததாகத் தெரியவில்லை.

பிரச்சாரத்தில் சொல்லப்படும் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாட்டின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்ற இலக்கை 2025-லேயே, ஐந்து ஆண்டு முன்னதாக எட்டிவிட்டோம். உண்மை, பெருமைப்படத்தக்கதும்கூட. ஆனால் அது நிறுவுதிறன், அதாவது நிலையங்கள் முழுவீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவு. ஒரு மெகாவாட் சூரியப் பலகை ஆண்டு முழுவதும் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் அளவுக்கே மின்சாரம் தரும், அனல் நிலையம் 60 முதல் 70 சதவீதம் ஓடும். நாட்டில் உற்பத்தியாகும் 10 யூனிட்டில் ஏறத்தாழ 7 இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. வேட்பாளர் கிகாவாட்டில் பேசினால் யூனிட்டில் கேளுங்கள். அதேபோல 45 சதவீதம் என்பது ஒரு ரூபாய் உற்பத்திக்கான உமிழ்வு. பொருளாதாரம் வளர்ந்தால் மொத்தப் புகை கூடிக்கொண்டே போனாலும் அந்த இலக்கு நிறைவேறிவிடும்.

வீட்டுக்கூரை சூரிய மின்திட்டமும் தேர்தல் காலத்தில் பிறந்ததே. 2024 பிப்ரவரியில் தொடங்கி, ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய், 2026–27 வரை. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், சுமார் 300 சதுர அடி நிழல் விழாத மாடி, நாளுக்குச் சராசரி 12 யூனிட். தனிவீட்டுக்காரருக்கு இது அருமையான திட்டம். மொட்டைமாடி எல்லோருக்கும் பொதுவான அடுக்குமாடியிலும் வாடகை வீட்டிலும் வாழும் சென்னைக்காரருக்கு இதில் வழி குறுகல். பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. 2026–27-க்குப் பிறகு என்ன என்பதற்கு எந்தக் கட்சியையும் கட்டுப்படுத்தும் எழுத்து எதுவும் இல்லை.

இந்தியரின் தலைக்கான கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஆண்டுக்கு 2 டன் அளவில்தான் இருக்கிறது, அமெரிக்கரின் அளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, நாம் ஏன் சட்டம் போட்டு நம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நான் கேட்கும் சட்டம் உலக நாடுகளுக்குப் புதிதாக எதையும் வாக்களிக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே சொன்னதை உள்நாட்டில் எப்படி, எந்தப் பணத்தில், யார் மேற்பார்வையில் செய்வது என்பதைச் சொல்ல வேண்டும். நெய்வேலியில் சுரங்கத்தை நம்பி வாழ்பவருக்கும், எண்ணூரில் சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் மீன்பிடிப்பவருக்கும் தேர்தலுக்குத் தேர்தல் மாறாத ஒரு கால அட்டவணை கிடைப்பது அவர்கள் உரிமை. எந்த அலகு எந்த ஆண்டு மூடும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன மாற்று என்பது முன்பே தெரிய வேண்டும்.

அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டியவை: ஐந்தாண்டு இலக்குகளைப் பத்து ஆண்டு முன்கூட்டி நாடாளுமன்றம் நிர்ணயிப்பது. உறுப்பினர்களின் பதவிக்காலம் மக்களவையோடு சேர்ந்து முடியாத சுயேச்சை ஆணையம், அதன் ஆண்டறிக்கைக்கு அமைச்சர் 90 நாளில் பதில் தருவது. நிலக்கரிக்கு எடையின் அடிப்படையில் வரி, சட்டத்திருத்தம் இல்லாமல் வேறு கணக்குக்கு மாற்ற முடியாத நிதியம், அதில் மாநிலங்களுக்கும் கடலோர நகரங்களுக்கும் எழுதப்பட்ட பங்கு. பாதுகாப்பைத் தளர்த்தும் எந்த அறிவிக்கைக்கும் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வரைவு, 60 நாள், பிறகு இரு அவைகளின் ஒப்புதல். 2020-இல் தாக்க மதிப்பீட்டு வரைவு தமிழில் இல்லாமல், நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் மொழிபெயர்ப்புப் பேச்சே எழுந்தது. கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து, அது ஒன்று இருந்தாலே மற்றவற்றில் பாதி தானாக நடக்கும்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் முன்வைக்கும் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்து பயனில்லை. அப்படி நிறைவேறிய கடைசி மசோதா 1970-இல். ஆளும் கட்சியோ, ஆளப்போகும் கூட்டணியோ தேர்தல் அறிக்கையில் எழுதினால்தான் நடக்கும். அறிக்கை எழுதும் குழுக்கள் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே கூடிவிடுகின்றன. 2029-இல் அமையும் அரசுதான் 2030 இலக்கின் கெடுவின்போது பதவியில் இருக்கும். ஆகவே அவகாசம் அதிகமில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை மக்களவை உறுப்பினர்கள் மூவருக்கும் எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். நிலக்கரி வரி மாற்றத்தைப் பற்றி அவையில் என்ன கேட்டார்கள், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை விவாதமின்றி நிறைவேறிய ஆண்டுகளில் எதிர்ப்புப் பதிவுசெய்தார்களா, ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியில் அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையக் கூரைகளில் சூரியப் பலகைக்கு எவ்வளவு செலவிட்டார்கள், காலநிலைச் சட்டத்தைத் தங்கள் கட்சியின் அடுத்த தேர்தல் அறிக்கையில் சேர்க்க வலியுறுத்துவார்களா என்று கேளுங்கள். வந்த பதில்களை அப்படியே வெளியிடுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர்,
பெரம்பூர், சென்னை.